காக்கிச் சட்டையும் கைபேசியும்: பொலிஸ்காரர் பேஸ்புக்கில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டனில் மழை பிடித்தால் கடைக்குள் ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் வாடிக்கையாளர் இல்லை. போன மாதம் அப்படித்தான், என் கொமினிகேஷன் கடைக்குள் ஆறேழு பேர், ஒருவர்கூட போட்டோகொப்பி எடுக்க வரவில்லை. அதில் ஒரு தம்பி போனை நீட்டினான். டிக்டொக் வீடியோ. சீருடை போட்ட இளம் கான்ஸ்டபிள் ஒருவர் ஜீப்பில் சாய்ந்து நின்று ஏதோ ஒரு பாட்டுக்கு வாயசைக்கிறார். இருபது செக்கன் இருக்கும். அதை வைத்து மழை விடும்வரை சண்டை.

"இவருக்கு வேலை போயிரும், பாத்துக்கிட்டு இருங்க" என்றார் ஒருவர். "ஏன் போவணும்? அதுவும் ஒரு வீட்டுப் புள்ளதானே" என்று கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு அக்கா மறித்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பொலிஸ்காரர் பேஸ்புக் கணக்கே வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் இருப்பதாக அடித்துச் சொன்னார். போனை நீட்டிய தம்பியோ, டியூட்டி முடிந்து யூனிபோமைக் கழற்றிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்க ஏலாது என்றான்.

ஆசிரியரும் பிழை, தம்பியும் பிழை. மற்ற இருவரும் ஆளுக்குப் பாதி சரி. இந்த விஷயத்தைப் பற்றி நம் பக்கம் பேச்சு நிறைய, தெளிவு குறைவு. அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு: என் சித்தி மகன் பொலிஸில் சேர்ந்து இரண்டு வருடம். எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கில் (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு) காக்கிச் சட்டை போட்ட முதல் பிள்ளை அவன்தான். இந்த விதிகளை அவன் வாயாலும், அவன் வாங்கிக் கட்டிக்கொண்டதன் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

கோயில் நகையை யார் போடலாம்?

முதலில் பொலிஸை விட்டுவிட்டுக் கோயிலுக்கு வாருங்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு தங்கச் சங்கிலி, இரண்டு கண்மலர், ஒரு பொட்டு உண்டு. கோயிலில் வைக்கப் பயம் என்று தலைவர் வீட்டு அலுமாரியில்தான் இருக்கும். திருவிழாவன்று எடுத்து வந்து சாத்துவார்கள், மறுநாள் நாலு பேர் முன்னால் எண்ணித் திரும்ப வைப்பார்கள். அலுமாரி தலைவருடையது, சாவி அவர் மனைவியின் முந்தானையில், வீடு மட்டும் கம்பெனியுடையது, அது வேறு கதை. நகை அவருடையது இல்லை என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தன் மகளின் கல்யாணத்தன்று அந்தச் சங்கிலியை ஒரு மணி நேரம் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டுக் கழற்றி வைத்தாலும், எடை குண்டுமணி அளவு குறையாவிட்டாலும், ஊர் விடாது. "என்ன கொறஞ்சு போச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்க முடியாது.

பொலிஸ்காரர் கையில் வந்து சேரும் தகவல் அந்தச் சங்கிலி மாதிரி. புருசன் அடித்ததை, பிள்ளை காணாமல் போனதை, சீட்டுக்காசு ஏமாந்ததை ஒரு மனுசி பக்கத்து லயத்துக்குச் சொல்லமாட்டாள், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லமாட்டாள், பொலிஸில் போய்ச் சொல்லுவாள். அங்கே எழுதிக்கொள்பவர் யார் பெற்ற பிள்ளை என்று பார்த்து அவள் சொல்வதில்லை. அந்தச் சட்டையை நம்பிச் சொல்கிறாள். அந்தச் சட்டையால்தான் அவர் வீடு புகுந்து சோதனை போடுகிறார், விபத்து நடந்த இடத்தில் நாடாவுக்கு உள்ளே நிற்கிறார். அப்படிக் கிடைத்த எதுவும் அவர் வீட்டுச் சொத்து ஆகாது, போன் அவருடையதாக இருந்தாலும்.

அப்புறம் கோயில் மைக். செயலாளர் மைக்கைப் பிடித்து "நாளைக்குக் காலையில பால்குடம்" என்றால் அது கோயில் சொன்னது. அதே மைக்கில் "மேல்கணக்குக்காரர் என் கடனை இன்னும் தரல" என்று சொல்லிவிட்டு, அது என் சொந்தக் கருத்து என்றால் யார் ஏற்பார்கள்? ஊருக்குக் கேட்டது கோயிலின் குரல். சீருடையும் ஒரு மைக். போட்டுக்கொண்டு பேசினால் பேசுவது அவர் மட்டும் இல்லை.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வேலையால் கிடைத்த தகவல் அவருடையது இல்லை, சீருடையின் குரலும் அவருடையது இல்லை. இனி வருவதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தது.

சட்டம் எங்கே இருக்கிறது?

நடத்தை விதிகள் என்று ஒரு சொல் அடிக்கடி வரும். ஒரு வேலையில் இருக்கும்வரை ஒருவர் கட்டுப்பட வேண்டிய ஒழுங்குகள் அவை. மீறினால் வருவது ஒழுக்காற்று விசாரணை, அதாவது வேலை கொடுத்த தரப்பே நடத்தும் விசாரணை. நீதிமன்றத்தில் நடக்கும் குற்ற வழக்கு வேறு. ஒரே பதிவு இரண்டுக்கும் இழுத்துப் போகலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கடையில் "வேலை போயிரும்" என்றவர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

நம் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சு, கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரம் கொடுக்கிறது. பொலிஸ்காரரும் பிரசைதான், அந்த அக்கா சொன்னதில் இருந்த உண்மை இது. ஆனால் அடுத்த உறுப்புரையிலேயே, 15(8) இல், ஒரு வரி இருக்கிறது. ஆயுதப் படையினர், பொலிஸார், பொது ஒழுங்கைக் காக்கும் மற்றப் படையினர் ஆகியோரைப் பொறுத்தவரை இந்த உரிமைகளுக்குச் சட்டத்தால் கட்டுப்பாடு விதிக்கலாம், அவர்கள் கடமையைச் சரியாகச் செய்வதற்காகவும் அவர்களிடையே ஒழுக்கத்தைப் பேணுவதற்காகவும். அந்தக் கடைசிப் பகுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். கட்டுப்பாடு எதற்காக என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

அதற்குக் கீழே பல அடுக்குகள். 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம் இன்னும் அடித்தளம். பேஸ்புக் என்ன, கரண்டே இல்லாத காலத்துச் சட்டம். அதன் மேல் திணைக்களக் கட்டளைகளும் பொலிஸ் மா அதிபரின் சுற்றுநிருபங்களும். அரச ஊழியர் எல்லோருக்கும் பொதுவாகத் தாபன விதிக்கோவை என்று ஒன்று, அதன் இரண்டாம் தொகுதியில் 47 ஆம் அத்தியாயம் நடத்தையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பது, அரசைப் பகிரங்கமாக விமர்சிப்பது எல்லாம் அங்கே வருகிறது. பத்திரிகைக் காலத்தில் எழுதிய அந்த விதி சமூக ஊடகத்துக்கும் பொருந்தும் என்று 2022 செப்டெம்பரில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபத்தால் அரச ஊழியரை எச்சரித்தது, அதுவும் பெரிய சர்ச்சையானது. பொலிஸ் மா அதிபரைத் தவிர்ந்த பொலிஸாரின் ஒழுக்காற்று அதிகாரம் அரசியலமைப்பின்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் இருக்கிறது.

சரி, ஆசிரியருக்குப் பதில்: கணக்கு வைத்திருப்பதே குற்றம் என்று அரசியலமைப்போ தாபன விதிக்கோவையோ சொல்லவில்லை. கேள்வி கணக்கில் என்ன போகிறது என்பதில்தான்.

டிக்டொக் கான்ஸ்டபிளும் எங்கள் சித்தியும்

வாயசைத்தவர் ஒரு தகவலையும் வெளியிடவில்லையே என்று கேட்கலாம். அவர் மைக்கை எடுத்துப் பாட்டுப் பாடியிருக்கிறார், அதுதான் விஷயம். நாளை அதே முகம் ஒரு மரண வீட்டு வாசலில் நின்று வாக்குமூலம் எழுத வேண்டும். இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. இந்தியாவில் உத்தரப் பிரதேசப் பொலிஸ் 2023 பெப்ரவரியில் ஒரு சமூக ஊடகக் கொள்கையே கொண்டுவந்து, பணி நேரத்தில் சொந்தப் பாவனைக்காகச் சமூக ஊடகம் பார்ப்பதையும் சீருடையில் ரீல்ஸ் போடுவதையும் தடுத்தது.

வீடியோவின் பின்னணியையும் பாருங்கள். நிலையத்துப் பலகையில் யார் எங்கே கடமை என்று சோக்கட்டியால் எழுதியிருக்கும். வாகன இலக்கம் தெரியும். பின்னால் வாங்கில் ஒரு சந்தேகநபரோ முறைப்பாடு கொடுக்க வந்த ஒரு பெண்ணோ உட்கார்ந்திருப்பார். ஆடியவர் தன்னைத்தான் எடுத்தார், போன் எல்லோரையும் எடுத்துவிடும்.

என் கருத்தைக் கேட்டால், பின்னால் ஒன்றும் தெரியாத அந்த இருபது செக்கனுக்கு ஒரு எச்சரிக்கை போதும். அதற்காக ஒரு பிள்ளையின் வேலையைப் பறிப்பது அதிகம்.

எங்கள் சித்தி செய்தது அதைவிடச் சிக்கலானது. மகன் ஜீப் பக்கத்தில் நிற்கும் போட்டோவைப் போட்டு, இன்று இரவு எந்தச் சந்தியில் அவனுக்குக் காவல் கடமை என்பதையும் நேரத்தையும் எழுதி, கடவுள் துணை என்று முடித்திருந்தார். இரவு பத்து மணிக்கு அவன் எனக்குக் கோல் எடுத்தான், குரலே மாறியிருந்தது. "அண்ணே, அம்மாகிட்ட சொல்லி அத உடனே அழிக்கச் சொல்லுங்க, நான் சொன்னா அழுவாங்க." நான் சொன்னேன், அழுதார். "பெத்தவ எம்புள்ள படத்தப் போடக்கூடாதா?"

போடலாம். நடத்தை விதி சித்தியைக் கட்டாது, அவர் பொலிஸில் இல்லை. ஆனால் சந்தியின் பெயரும் நேரமும் சித்திக்கு எப்படித் தெரிந்தது? சாப்பிட்டாயா என்று கேட்கும்போது இவன் சொல்லியிருக்கிறான். விதி அவனை அங்கேதான் பிடிக்கிறது. விடிவதற்கு முன்பே பதிவை அழித்தாயிற்று, யாரும் கேட்கவில்லை, தப்பித்தான்.

ஒரு போட்டோ வழக்கைக் கெடுப்பது எப்படி?

மற்றப் பகுதிகளை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், ஏனென்றால் பொலிஸ் ஏன் வாயை மூட வேண்டும் என்பதற்கு மரியாதை, கௌரவம் என்று பலரும் சொல்லும் காரணங்களைவிட இது கனமானது.

நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போகும்போது சந்தேகநபரின் தலையில் சட்டையைப் போட்டு மூடியிருப்பதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெட்கத்தில் மூடுகிறார்கள் என்று எங்கள் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அடையாள அணிவகுப்பு நடக்க இருந்தால் அப்படிச் செய்வார்கள். சந்தேகநபரை அவரைப்போன்ற உருவமுள்ள வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, "அன்றைக்கு நீங்கள் பார்த்த ஆள் இதில் இருக்கிறாரா?" என்று சாட்சியிடம் நீதவான் முன்னிலையில் கேட்பதுதான் அடையாள அணிவகுப்பு. அதன் மதிப்பு முழுக்க ஒரே விஷயத்தில் இருக்கிறது: சாட்சி அந்த முகத்தைச் சம்பவத்தன்று பார்த்ததற்குப் பிறகு வேறு எங்கும் பார்த்திருக்கக்கூடாது.

இப்போது ஒரு கான்ஸ்டபிள், பெருமையாகவே இருக்கட்டும், "கள்ளன் மாட்டினான்" என்று பிடிபட்டவரின் படத்தைப் போடுகிறார் என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் தோட்டத்து குரூப் எல்லாவற்றிலும் வந்துவிடும். நகை பறிகொடுத்த அம்மாவின் பேரப்பிள்ளை போனைக் காட்டும். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த அம்மா வரிசையில் ஒருவரைத் தொட்டுக் காட்டினால், அவர் சம்பவத்தன்று பார்த்த முகத்தைக் காட்டினாரா, போனில் பார்த்த முகத்தைக் காட்டினாரா? எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். உண்மையான கள்ளன் என்றால் தப்பிக்க வழி கிடைக்கும். பிழையான ஆள் என்றால் இன்னும் மோசம், செய்யாத ஒன்றுக்கு அடையாளம் காட்டப்பட்டுவிடுவார். லைக் நூறு வந்திருக்கும்.

அடுத்தது, "பொலிஸில் ஒத்துக்கொண்டான்" என்ற வீடியோ. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. எப்படி வாங்கிய ஒப்புதல் என்று யாருக்குத் தெரியும் என்பதுதான் அதன் அடிப்படை. நீதிமன்றமே தொடாத ஒன்றை போனில் ஊர் முழுக்கப் பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. அரசியலமைப்பின் 13(5) குற்றவாளியெனத் தீர்க்கப்படும்வரை ஒருவரைச் சுற்றவாளியாகவே, அதாவது குற்றமற்றவராகவே, கருதவேண்டும் என்கிறது. ஆனால் நம் பக்கம் ஒருவர் விளக்கமறியலுக்குப் போனாலே முடிந்தது, லயத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். பிறகு விடுதலையாகி வந்தாலும் அந்த வீடியோவை யாரும் திருப்பி எடுப்பதில்லை.

பாதிக்கப்பட்டவர் விஷயத்தில் சட்டம் இன்னும் இறுக்கம். பாலியல் வன்முறை போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவர் யாரென்று தெரியவைக்கும் எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி தனிக் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை. "எதையும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கொழும்பில் ஒருவரின் பெயரை மறைத்தால் ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இங்கே தோட்டத்தின் பெயர், எந்தக் கணக்கு, என்ன வயது, இவ்வளவு போதும். பெயரை மறைத்துவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொண்டு லயத்தின் படத்தைப் போட்டால், ஆளைக் கையைப் பிடித்துக் காட்டியது போலத்தான். இந்த விதி பொலிஸுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து.

சுருக்கமாக, சந்தேகநபரின் முகம், அவர் சொன்னதாகச் சொல்லப்படுவது, பாதிக்கப்பட்டவரைக் காட்டிக்கொடுக்கும் எதுவும், இவை வெளியே போனால் போகிறது மானம் மட்டும் இல்லை, வழக்கும்தான். பொலிஸ் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதற்குப் பொலிஸ் ஊடகப் பேச்சாளர் இருக்கிறார், அந்த மைக் அவரிடம்.

"குரூப்பிலதானே போட்டேன்"

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, எங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. கோடு போட்ட தாள், நீல மை, சிங்களத்தில் எழுதிய ஒரு முறைப்பாட்டின் பக்கம், ஓரத்தில் எடுத்தவரின் பெருவிரல் நகம். முறைப்பாடு கொடுத்த பெண்ணின் பெயர், புருசனின் பெயர், அவர் அவளுக்கு என்ன செய்தார் என்பது. யார் எடுத்தார், எந்த வழியாக வந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. நிலையத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண் மறுநாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை, மூன்றாம் நாள் போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கினாள். எனக்கு உறுத்தியது வேறு ஒன்று: அந்தப் போட்டோவை நானும் பெரிதாக்கிப் படித்தேன்.

எடுத்தவரைக் கேட்டால் "ஒரு குரூப்பிலதானே போட்டேன்" என்பார். தனிப்பட்ட குரூப் என்பது விதிகளைப் பொறுத்தவரை ஒரு மறைவிடம் இல்லை. 2020 இல் லண்டனில் ஒரு பூங்காவில் அக்கா தங்கை இருவர் கொலை செய்யப்பட்டார்கள். அந்த இடத்தைக் காவல் காக்க நிறுத்தப்பட்ட இரண்டு கான்ஸ்டபிள்கள் உடல்களைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். 2021 டிசெம்பரில் இருவருக்கும் இரண்டு வருடமும் ஒன்பது மாதமும் சிறை. அவர்கள் எங்கேயும் பகிரங்கமாகப் போடவில்லை. அதே 2020 இல், ஜனவரியில், கூடைப்பந்து வீரர் கோபி பிரயண்டும் அவர் மகளும் இன்னும் ஏழு பேரும் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தபோது, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதி ஷெரிப் உத்தியோகத்தர்கள் அந்த இடத்துப் படங்களைத் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள், ஒருவர் மதுக்கடையில் வேலை செய்பவருக்கே காட்டியிருக்கிறார். 2022 இல் அவர் மனைவிக்கு 16 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்த்தது.

நகைக் கதையை நினைத்துப் பாருங்கள். சங்கிலியை மகளுக்குப் போட்டுக் கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளேயே வைத்து அழகு பார்த்தேன் என்றால் மட்டும் சரியாகிவிடுமா?

வாங்குக்கு இந்தப் பக்கம் இருப்பவர்

இனி சொந்தக் கருத்து. சீருடை இல்லை, வேலைத் தகவல் இல்லை, லீவில் வீட்டில் இருந்துகொண்டு ஒரு பொலிஸ்காரர் தன் கணக்கில் இன்னொரு இனத்தைக் கேவலப்படுத்தும் ஒரு பதிவைப் பகிர்கிறார். நகையும் இல்லை, மைக்கும் இல்லை. அப்புறம் என்ன?

2018 மார்ச்சில் நம் பக்கத்திலேயே, கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய, திகன பகுதிகளில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் போனுக்குப் போன் ஓடின. அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரு கிழமை முடக்கியது. தன் தளம் அதில் தவறாகப் பயன்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. அந்த நாட்களில் எரிந்த கடையின் முதலாளி முறைப்பாடு கொடுக்க நிலையத்துக்குப் போகிறார், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நேற்று இரவு அந்தப் பதிவைப் பகிர்ந்தவர் என்று வையுங்கள். அவர் நேர்மையாகவே எழுதினாலும் வாங்கில் உட்கார்ந்திருப்பவர் நம்பமாட்டார். அடுத்தமுறை வரவேமாட்டார். வெறுப்பைத் தூண்டுவது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தில் யாருக்குமே குற்றம். ஆனால் குற்றம் என்ற அளவுக்குப் போகாத பதிவும் ஒரு பொலிஸ்காரரை அந்த மேசைக்குத் தகுதியில்லாதவராக்கிவிடலாம். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பொலிஸாரின் பகிரங்க பேஸ்புக் பதிவுகளைத் திரட்டி 2019 இல் வெளியிட்டபோது, பிலடெல்பியா நகரம் மட்டும் 72 பேரைத் தெருக் கடமையில் இருந்து எடுத்து மேசையில் உட்காரவைத்தது. எல்லாம் சொந்தக் கணக்குகள்.

டியூட்டி முடிந்தால் யாரும் கேட்க ஏலாது என்ற தம்பிக்கு இதுதான் பதில். கருத்து அவருடையது, ஆனால் அதைப் படித்தவர் நாளைக்கு அவர் முன்னால் வந்து உட்கார வேண்டியவர்.

விதியைப் பூட்டாகவும் போடலாம்

இவ்வளவும் படித்துவிட்டு, பொலிஸ்காரர் எதையுமே பேசக்கூடாது என்று முடிவெடுத்தால் நான் பிழையாக எழுதிவிட்டேன் என்று அர்த்தம். 15(8) இல் மனதில் வைக்கச் சொன்ன பகுதி இங்கேதான் தேவை: கடமையைச் சரியாகச் செய்வதற்கும் ஒழுக்கத்துக்கும். மேலதிகாரியின் வண்டவாளம் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது அதில் இல்லை. லீவு கிடைக்கவில்லை, தங்குமிடத்தில் கூரை ஒழுகுகிறது என்று ஒரு கான்ஸ்டபிள் எழுதினால் அது அம்மன் நகை இல்லை, அவருடைய சொந்தக் கூரை. அதற்கும் இதே விதியைத் தூக்கிக்கொண்டு வந்தால் அது விதியின் பிழை இல்லை, தூக்கியவரின் பிழை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், வெளியிட அனுமதியுள்ள தகவலை வெளியிட்ட அரச ஊழியரைத் தண்டிக்கக்கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. நடைமுறையில் அதை நம்பி எத்தனை பேர் வாய் திறப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

இன்னொன்று, கடையில் அடிக்கடி கேட்பது: "அப்ப நாங்க பொலிஸ வீடியோ எடுக்க ஏலாதா?" இந்த நடத்தை விதிகள் பொலிஸில் வேலை செய்பவரைக் கட்டுபவை, வெளியே நிற்கும் உங்களை அல்ல. அவர் கடமைக்கு இடைஞ்சல் செய்தால் அது வேறு விஷயம்.

அப்படி ஒன்று உங்கள் போனுக்கு வந்தால்

முதலில் பகிராதீர்கள், "அநியாயத்தப் பாருங்க" என்று எழுதிக்கூடப் பகிராதீர்கள், அப்போது அதைப் பரப்பியதில் நீங்களும் ஒருவர். யார் அனுப்பினார், எத்தனை மணி என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் போகலாம், கண்டியிலும் பதுளையிலும் அதற்குப் பிராந்திய அலுவலகம் உண்டு. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதாக இருந்தால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், ஆகவே யோசித்துக்கொண்டே இருந்துவிடாதீர்கள்.

பெட்டிசன் டைப் பண்ண என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. இதை எழுதத் தொடங்கிய பிறகுதான் என் கம்பியூட்டரைத் திறந்து பார்த்தேன். ஐந்து வருடத்துப் பெட்டிசன்கள், அடையாள அட்டை ஸ்கேன்கள், ஒரு விவாகரத்துக் கடிதம்கூட, எல்லாம் டெஸ்க்டொப்பில் வரிசையாக. கடைப் பையன் பாட்டுப் போடுவதும் அதே மெஷினில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன்.

சித்தி போன கிழமை வந்தார். கையில் ஒரு பென்டிரைவ், மகன் பயிற்சி முடித்து வெளியேறிய நாளில் எடுத்த ஒரு பழைய போட்டோ. "போன்ல போட்டாத்தானே பிரச்சின, செவுத்துல மாட்டலாமில்ல?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். பன்னிரண்டுக்குப் பதினெட்டில் அடித்து, லெமினேட் பண்ணிக் கொடுத்தேன்.